திடீர் வான்வெடிப்புகளில் காமா கதிர் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானியல் கூட்டங்களில் பேசி முடித்து மைக்கை வைத்ததும் நாலைந்து பேர் சூழ்ந்துகொள்வார்கள். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அதேதான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி, என்னால் முடிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை. முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் சுலபமாக இருக்கும்.

காமா கதிர்னா எக்ஸ்ரே மாதிரிதானே? அதுல தனியா என்ன இருக்கு?

இரண்டுமே ஒளிதான், ஆற்றலில்தான் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு 2, 3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கும். எக்ஸ்ரேயில் அது ஆயிரக்கணக்கில் போகும். அதையும் தாண்டினால் காமா கதிர். இந்தப் பக்கத்தில் பேசப்போவது ஜிகா எலக்ட்ரான் வோல்ட், அதாவது நூறு கோடி, அதற்கும் மேலே டெரா எலக்ட்ரான் வோல்ட், அதாவது லட்சம் கோடி. பறக்கிற கொசுவின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய ஒரு டெரா எலக்ட்ரான் வோல்ட்தான். கொசுவில் அதை எண்ணிலடங்காத அணுக்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. இங்கே அத்தனையும் ஒரே ஒரு ஃபோட்டானுக்குள்.

எவ்வளவு சூடான விண்மீனும் வெறும் சூட்டினால் இந்த ஆற்றலைத் தராது. எங்கோ ஓரிடத்தில் துகள்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு விரட்டப்பட்டால்தான் இது பிறக்கும். அதனால் உயர் ஆற்றல் காமா கதிர் வந்தால், அந்தத் திசையில் இயற்கையே ஒரு துகள் முடுக்கியை ஓட்டுகிறது என்று பொருள்.

திடீர் மூலம்னு எதைச் சொல்றீங்க? வானத்துல அப்படி என்னதான் வெடிக்குது?

நேற்று இல்லாமல் இன்று வந்து, நாளை மறைந்துவிடக்கூடியது எல்லாமே. ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து டிரான்சியன்ட் என்றும் சொல்வோம். முதலிடம் காமா கதிர் வெடிப்புகளுக்கு. பொதுவாக, 2 விநாடிக்கு மேல் நீடித்தால் பெரிய விண்மீன் ஒன்று நொறுங்கிக் கருந்துளையாகிறது என்றும், 2 விநாடிக்குள் முடிந்தால் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் அடர்ந்த கரு) மோதிக்கொண்டன என்றும் கொள்வார்கள். இது கறாரான விதி அல்ல. 2021 டிசம்பர் 11 அன்று வந்த வெடிப்பு ஒரு நிமிடம் போல நீடித்தும், மோதலின் அடையாளங்களையே காட்டியது.

இவை தவிர, பெருங்கருந்துளையிலிருந்து ஒளிவேகத்தை நெருங்கிப் பாயும் துகள் தாரை, அதாவது பீய்ச்சு, நம்மை நோக்கியிருக்கும் பிளேசார்கள் சில நிமிடங்களிலேயே பல மடங்கு கொழுந்துவிட்டு எரியும். மேக்னடார் எனப்படும் கடுங்காந்த நியூட்ரான் விண்மீன்களும் வெடிக்கும். இறந்த விண்மீனின் மேற்பரப்பு மட்டும் வெடிக்கும் நோவாக்களும் இந்தப் பட்டியலில் சேரும் என்று நெடுநாள் யாரும் எதிர்பார்க்கவில்லை. 2010இல் வி407 சிக்னி நோவாவிடமிருந்து காமா கதிருக்கென்றே ஏவப்பட்ட ஃபெர்மி செயற்கைக்கோள் ஜிகா ஆற்றல் கதிர்களைப் பிடித்தது. 2021 ஆகஸ்டில் ஆர்எஸ் ஒஃபியூக்கி வெடித்தபோது தரையிலிருந்த ஹெஸ், மேஜிக் தொலைநோக்கிகளும் அதைப் பார்த்தன.

முதல்ல இதைக் கண்டுபிடிச்சது அணுகுண்டு உளவு பார்க்கிற செயற்கைக்கோள்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். 1963இல் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் அணுகுண்டுச் சோதனைக்குத் தடை விதிக்கும் ஒப்பந்தம் வந்தது. அதை யாராவது மீறுகிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்கா வேலா செயற்கைக்கோள்களை அனுப்பியது. 1967 ஜூலை 2 அன்று அவற்றில் பதிவான ஒரு துடிப்பு, அணுகுண்டின் துடிப்பைப் போல இல்லை.

பின்னர் வந்த வெடிப்புகளில், ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் துடிப்பு எத்தனை விநாடி முன்பின்னாக வந்தது என்று ஒப்பிட்டுத் திசையைக் கணக்கிட்டார்கள். பூமியும் இல்லை, சூரியனும் இல்லை என்று உறுதியான பிறகு, 1973இல் கிளீபசடேலும் சகாக்களும் 16 வெடிப்புகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். முதல் துடிப்புக்கும் கட்டுரைக்கும் நடுவே 6 ஆண்டுகள் ஓடியிருந்தன. அவசரப்படாமல் ஒவ்வொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொண்ட அந்தப் பொறுமை எனக்கு இன்றும் பெரிதாகப் படுகிறது.

காற்று மண்டலம் காமா கதிரைத் தடுத்துடும்னு படிச்சேன். அப்புறம் எதுக்குத் தரையில தொலைநோக்கி?

தடுத்துவிடும் என்பது சரி. தடுக்கும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டெரா ஆற்றல் ஃபோட்டான் ஒன்று காற்றின் மேலடுக்கில் நுழைந்ததும் எலக்ட்ரானும் பாசிட்ரானுமாகப் பிரிகிறது. அவை மறுபடி ஃபோட்டான்களை உமிழ, அந்த ஃபோட்டான்கள் மறுபடி பிரிய, ஒன்று இரண்டாகி இரண்டு நான்காகி ஒரு துகள் மழையே இறங்குகிறது. காற்றுக்குள் ஒளி செல்லும் வேகத்தைவிட இந்தத் துகள்கள் வேகமாகப் போவதால் நீல நிறத்தில் செரென்கோவ் ஒளி எழுகிறது. தரையை அடையும்போது அது சுமார் 120 மீட்டர் ஆரமுள்ள ஒளிவட்டம். நீடிப்பதோ சில நானோ விநாடிகள். அந்த மினுக்கைப் படமெடுப்பதுதான் தரைத் தொலைநோக்கியின் வேலை.

படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரசிக்கத் தோன்றும். மேஜிக் தொலைநோக்கியின் கேமராவில் ஆயிரத்துச் சொச்சம் ஒளிப்பெருக்கிக் குழாய்கள் உண்டு. ஒரு காமா ஃபோட்டான் வந்தால் அவற்றில் ஒரு சிறு கொத்து மட்டும் ஒளிர்ந்து, அரிசிமணி போல நீண்ட ஒரு வடிவம் தெரியும். அதன் நீள அச்சு மூலம் இருக்கும் திசையைக் காட்டும். வானத்திலிருந்து ஓயாமல் விழும் அண்டக்கதிர்ப் புரோட்டான்களும் இதேபோல் ஒளி தரும். ஆனால் அவற்றின் வடிவம் சிதறலாக, ஓரங்கள் பிய்ந்தாற்போல இருக்கும். ஒரு காமா கதிருக்கு ஆயிரக்கணக்கான புரோட்டான்கள் என்ற விகிதத்தில் வருவதால், இந்த வடிவ வித்தியாசம் இல்லாவிட்டால் இந்தத் துறையே இல்லை. 1985இல் ஹில்லாஸ் இந்த வடிவங்களை அளந்து பிரிக்கும் முறையைச் சொன்னார். 1989இல் அமெரிக்காவின் விப்பிள் தொலைநோக்கி அதே வழியில் வெடித்த விண்மீனின் எச்சமான கிராப் நெபுலாவை உறுதியாகக் கண்டது.

இன்று இந்த வேலையில் இருப்பவை நமீபியாவின் ஹெஸ், லா பால்மா தீவின் மேஜிக், அரிசோனாவின் வெரிட்டாஸ், லடாக்கின் ஹான்லேயில் சுமார் 4,270 மீட்டர் உயரத்தில் நிற்கும் 21 மீட்டர் மேஸ். இன்னொரு வகையும் உண்டு. மெக்சிகோவின் ஹாக், சீனாவின் லாசோ போன்றவை உயர்ந்த மலைமேல் தண்ணீரை நிரப்பி வைத்து, தரைவரை வந்து சேரும் துகள்களையே பிடிக்கின்றன. அவற்றுக்கு இரவு பகல் கிடையாது.

ஒரு பெரிய கருவியை விண்வெளிக்கே அனுப்பிட்டா இந்தச் சுத்தெல்லாம் வேண்டாமே?

ஃபெர்மி அந்த வேலையைத்தான் 2008 முதல் செய்கிறது. ஆனால் அதன் முதன்மைக் கருவி ஃபோட்டான்களைப் பிடிக்கும் பரப்பு ஒரு சதுர மீட்டர்கூட இல்லை. ஆற்றல் ஏற ஏற ஃபோட்டான்கள் மிகவும் அரிதாகிவிடும். டெரா ஆற்றலில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். மேலே சொன்ன 120 மீட்டர் ஒளிவட்டத்துக்குள் தொலைநோக்கி எங்கே நின்றாலும் அந்த ஃபோட்டான் அகப்படும். அப்படியானால் பிடிக்கும் பரப்பு சுமார் 45,000 சதுர மீட்டர். அவ்வளவு பெரிய கருவியை எந்த ராக்கெட்டாலும் தூக்க முடியாது.

எங்கே வெடிக்கும்னு முன்கூட்டியே தெரியாதே, தொலைநோக்கி எப்படிக் கரெக்டா அந்தப் பக்கம் திரும்புது?

தரைத் தொலைநோக்கி ஒரு நேரத்தில் பார்ப்பது வானத்தில் சில டிகிரி அகலம் மட்டுமே. யாராவது கூப்பிட்டுச் சொன்னால்தான் உண்டு. ஃபெர்மியில் இருக்கும் வெடிப்புக் கண்காணிப்பு மானி, பூமி மறைக்காத வானம் முழுவதையும் கவனித்துக்கொண்டு, ஆண்டுக்குச் சுமார் 240 வெடிப்புகளைப் பதிவு செய்கிறது. ஆனால் இடத்தைச் சில டிகிரித் துல்லியத்தில்தான் சொல்லும். 2004இல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் குறைவாகப் பிடித்தாலும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லும். இவற்றின் செய்தி ஜிசிஎன் என்ற எச்சரிக்கை வலைவழியே உலகெங்கும் சில விநாடிகளில் பரவும். மனிதர் யாரும் பொத்தானைத் தொட வேண்டியதில்லை. செய்தி வந்ததும் தொலைநோக்கி தானே திரும்பும். மேஜிக்கின் 17 மீட்டர் தட்டைக் கார்பன் இழைச் சட்டத்தின்மேல் கட்டியதே இந்த வேகத்துக்காகத்தான். அரை நிமிடத்துக்குள் வானத்தின் மறுபக்கம் போய்விடும்.

2019 ஜனவரி 14 அன்று அது பலித்தது. வெடிப்புக்கு ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் மேஜிக் அந்த இடத்தைப் பார்க்கத் தொடங்கியது. முதல் 20 நிமிடங்களிலேயே 50 சிக்மாவுக்கு மேல் சமிக்ஞை கிடைத்தது. சிக்மா என்றால் என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்.

எல்லா எச்சரிக்கையும் நல்ல எச்சரிக்கை அல்ல. காமா வெடிப்பு என்று ஒரு செய்தி வரும். சில நிமிடம் கழித்து, செயற்கைக்கோளைச் சுற்றியிருந்த துகள்களின் தாக்கம்தான் அது என்று மறுசெய்தி வரும். அதற்குள் தொலைநோக்கி திரும்பியிருக்கும். அந்த நேரத்தை இழக்கத்தான் வேண்டும். எச்சரிக்கையை உறுதிசெய்துகொண்டு திரும்பலாம் என்று காத்திருந்தால் உண்மையான வெடிப்பைத் தவறவிடுவோம்.

வருஷத்துக்கு 240 வெடிப்புன்னு சொல்றீங்க, தரையில பிடிச்சது விரல்விட்டு எண்ணுற அளவுதானே? ஏன்?

இருட்டு, மேகமில்லாத வானம், அடிவானத்துக்கு மேலே மூலம் ஆகிய மூன்றும் ஒருசேர அமைய வேண்டும். நிலவொளி பலமாக இருந்தாலும் கேமராவைத் திறக்க முடியாது. இத்தனையும் சேர்ந்து செரென்கோவ் தொலைநோக்கிக்கு மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே மிஞ்சும்.

அதைவிடப் பெரிய தடை வழியில் இருக்கிறது. விண்மீன்கள் பிறந்த காலம் தொட்டு உமிழ்ந்த ஒளி, விண்மண்டலங்களுக்கு இடையே மெல்லிய மூட்டமாகப் பரவிக் கிடக்கிறது. டெரா ஆற்றல் ஃபோட்டான் அந்த ஒளியின் ஃபோட்டான் ஒன்றோடு மோதினால் எலக்ட்ரான், பாசிட்ரானாக மாறி மறைந்துபோகும். தொலைவு கூடக் கூட உயர் ஆற்றல் ஃபோட்டான்கள் முதலில் தொலைகின்றன. பெரும்பாலான வெடிப்புகள் இந்த மூட்டத்துக்கு அப்பால்தான் நடக்கின்றன. 2019 ஆகஸ்டில் வந்த ஒன்று, செம்பெயர்ச்சி (தொலைவு கூடக் கூட ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு) 0.0785 என்னும் அளவுக்கு அருகில் இருந்ததால்தான், ஹெஸ் அதை 3.3 டெரா எலக்ட்ரான் வோல்ட் வரை, இரண்டு நாளுக்கும் மேலாகப் பின்தொடர முடிந்தது.

2022ல ஏதோ பெரிய வெடிப்பு வந்துச்சாமே, அதுல என்ன விசேஷம்?

2022 அக்டோபர் 9. இதுவரை பதிவானதிலேயே மிகப் பிரகாசமான வெடிப்பு. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடியது என்று மதிப்பிட்டார்கள். ஒளி சுமார் 200 கோடி ஆண்டுகள் பயணித்து வந்த பிறகும், ஃபெர்மியின் கருவிகள் எண்ண முடியாமல் திணறும் அளவுக்குக் கொட்டியது. அன்றைக்குப் பௌர்ணமி. செரென்கோவ் தொலைநோக்கிகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தன; 53 மணி நேரம் கழித்தே ஹெஸ் பார்க்க முடிந்தது, அப்போது எதுவும் தென்படவில்லை. ஆனால் இரவு பகல் பார்க்காத லாசோவின் பார்வைக்குள்தான் அப்போது அந்த வெடிப்பு இருந்தது. முதல் 3,000 விநாடிகளில் 64,000க்கும் மேற்பட்ட உயர் ஆற்றல் ஃபோட்டான்களை லாசோ எண்ணியது.

எண்ணிக்கையைவிட அந்த வரைகோடுதான் என்னை ஈர்த்தது. வெடிப்பின் முதல் கட்டக் காமா ஒளி தாறுமாறாகத் துள்ளியது. லாசோ கண்ட டெரா ஒளியோ வழவழவென்று ஏறி, வழவழவென்று இறங்கியது. அப்படியென்றால் அது மையத்தில் பிறந்ததல்ல. பீய்ச்சு சுற்றியிருந்த வாயுவில் மோதிய பின்னொளிர்வில் பிறந்தது. பிறகு ஒரு கட்டத்தில் ஒளி சட்டென்று வேகமாகச் சரிந்தது. அதை வைத்து அந்தப் பீய்ச்சின் அரைக்கோணம் சுமார் 0.8 டிகிரிதான் என்று கணித்தார்கள். அந்த ஊசிமுனை நேராக நம்மைப் பார்த்திருந்ததால்தான் அவ்வளவு பிரகாசம்.

நாலைந்து ஃபோட்டான் கூடுதலா வந்தா அது வெடிப்பா, சும்மா வந்ததான்னு எப்படிச் சொல்வீங்க?

எண்ணித்தான். மூலம் இருக்கலாம் என்று சந்தேகிக்கும் இடத்தில் எத்தனை என்று எண்ணுவோம். பக்கத்தில் மூலமே இல்லாத இடங்களில் எத்தனை என்றும் எண்ணுவோம். இரண்டாவதுதான் பின்புலம். 1983இல் லீயும் மாவும் தந்த சூத்திரம், இந்த இரு எண்களையும் வைத்து மிகுதி எவ்வளவு நம்பத்தக்கது என்று சொல்லும். அந்த நம்பகத்தை சிக்மா என்ற அலகில் சொல்வோம். 5 சிக்மா என்றால், வெறும் தற்செயலால் இப்படி வருவதற்கு ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 விநாடியில் பின்புலமாக 2 ஃபோட்டான் வர வேண்டிய இடத்தில் 8 வந்திருக்கின்றன. தற்செயலாக 8 அல்லது அதற்கு மேல் வருவதற்கான வாய்ப்பு சுமார் ஆயிரத்தில் ஒன்று. கேட்டவுடன் பெரிதாகத் தோன்றும். அடுத்த கேள்வியைப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அப்போ பழைய தரவை எல்லாம் துருவித் துருவித் தேடினா எங்கயாவது ஒண்ணு மாட்டும்ல?

நிச்சயம் மாட்டும். சிக்கலே அதுதான். மேலே சொன்ன 8 ஃபோட்டான் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வானத்தில் 100 இடங்கள், ஒவ்வொன்றிலும் 100 நேரத் துண்டுகள் என்று 10,000 தடவை பார்த்தால், எங்கும் எதுவும் வெடிக்காதபோதே இப்படிப்பட்ட பத்துப் பதினொரு குவியல்கள் தென்படும். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துவைத்து ஆயிரத்தில் ஒன்று என்று சொல்வது பொய்யாகிவிடும். எத்தனை முறை பார்த்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. 10 விநாடித் துண்டில் கிடைக்கவில்லை, 30 விநாடியில் பார்ப்போம், ஆற்றல் எல்லையைக் கொஞ்சம் நகர்த்திப் பார்ப்போம் என்று செய்யும் ஒவ்வொரு திருகலும் இன்னொரு முறை பார்த்ததாகவே கணக்கு. அதனால்தான் எந்த நேர அளவு, எந்த ஆற்றல் எல்லை என்பதையெல்லாம் தரவைத் திறக்கும் முன்பே எழுதி வைத்துவிடுவார்கள்.

எனக்கே இது நடந்திருக்கிறது. பொதுவில் கிடைக்கும் ஃபெர்மி தரவில் தேடிக்கொண்டிருந்தபோது, எந்த மூலமும் இல்லாத ஓரிடத்தில் சில விநாடிகளுக்குள் ஃபோட்டான்கள் நெருக்கமாக வந்து விழுந்திருந்தன. தற்செயல் என்று தள்ள முடியாத குவியல். அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் ஒவ்வொரு ஃபோட்டானும் எந்தக் கோணத்தில் வந்தது என்று பார்த்தேன். எல்லாமே பூமியின் விளிம்பை ஒட்டி வந்தவை. அண்டக்கதிர்கள் காற்றில் மோதுவதால் பூமியின் விளிம்பே காமா கதிரில் பளிச்சென்று எரியும். அந்தக் கோணத்தை விலக்கிவிட்டுத்தான் தேட வேண்டும். அந்த ஒரு வரியை என் நிரலில் விட்டிருந்தேன். அன்றிலிருந்து குவியல் கிடைத்தால் முதலில் பூமி எங்கே இருந்தது என்றுதான் பார்க்கிறேன்.

தேடி எதுவும் கிடைக்கலன்னா அது வீண்தானே?

இல்லை. சரியாகத் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால், இந்த அளவுக்கு மேல் இருந்திருந்தால் பார்த்திருப்போம் என்று ஒரு மேல்வரம்பைச் சொல்லலாம். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்ததால் எழுந்த ஈர்ப்பு அலை, அதாவது வெளியின் அதிர்வு, வந்தது. 1.7 விநாடி கழித்து ஃபெர்மியின் கண்காணிப்பு மானி சிறிய காமா வெடிப்பைக் கண்டது. சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில், என்ஜிசி 4993 விண்மண்டலத்தில் நடந்தது அது. சுமார் 5 மணி நேரத்தில் ஹெஸ் அந்தப் பகுதியைப் பார்த்தது, எதுவும் இல்லை. அந்த ‘இல்லை’ வெளியிடப்பட்டது, கோட்பாட்டாளர்கள் அதைத் தங்கள் கணக்கில் பயன்படுத்தினார்கள்.

பார்க்காததையும் இல்லாததையும் குழப்பக் கூடாது. அதே வெடிப்பின்போது ஃபெர்மியின் முதன்மைக் கருவி தென் அட்லாண்டிக்கின் கதிர்வீச்சு மிகுந்த பகுதியைக் கடந்துகொண்டிருந்ததால் தரவே எடுக்கவில்லை. அந்த நிமிடங்களைப் பற்றி அது ‘இல்லை’ என்றும் சொல்ல முடியாது.

நியூட்ரினோவோட சேர்த்துப் பார்த்தா உறுதியாகிடுமா?

வலு கூடும். நியூட்ரினோ என்பது எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவிச் செல்லும் மின்சுமையற்ற துகள். 2017 செப்டம்பர் 22 அன்று தென்துருவப் பனிக்குள் இருக்கும் ஐஸ்கியூப் கருவி சுமார் 290 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டிருக்கக்கூடிய ஒரு நியூட்ரினோவைப் பிடித்தது. அது வந்த திசையில் ஒரு பிளேசார் கொழுந்துவிட்டுக்கொண்டிருந்ததை ஃபெர்மி காட்டியது, மேஜிக்கும் கண்டது. ஆனால் இரண்டும் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பை, மேலே சொன்ன ‘எத்தனை முறை பார்த்தோம்’ திருத்தத்தோடு கணக்கிட்டால் கிடைப்பது சுமார் 3 சிக்மா. அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லாமல் சான்று என்று சொன்னது சரியான சொல் என்பேன்.

மின்னல்கூட காமா கதிர் தருமாமே, குழப்பம் வராதா?

தரும். பூமியை நோக்கிய பக்கத்திலிருந்து மில்லி விநாடி நேரமே நீடிக்கும் துடிப்புகள் வருவதை காம்ப்டன் செயற்கைக்கோள் கண்டது 1994இல் வெளியானது. அவ்வளவு சுருக்கமான துடிப்பு, அதுவும் பூமியின் திசையிலிருந்து என்பதால் பிரித்தறிவது கடினமில்லை.

ஒளியின் வேகம் மாறாதுங்கிறதை இதை வச்சு சோதிச்சாங்கன்னு கேள்விப்பட்டேன். எப்படி?

ஈர்ப்பையும் அணுவுலக விதிகளையும் இணைக்க முயலும் குவாண்டம் ஈர்ப்பு பற்றிய சில கருத்துகளின்படி, ஆற்றல் மிகுந்த ஃபோட்டான் வெளியைக் கடக்கும்போது மிக மிகச் சிறிதாகப் பின்தங்கலாம். அந்தச் சிறு வித்தியாசம் தெரிய, பந்தயம் நீளமாகவும் புறப்பட்ட நேரம் தெளிவாகவும் இருக்க வேண்டும். குறுகிய காமா வெடிப்பு இரண்டையும் தருகிறது. 2009 மே 10 வெடிப்பில், 700 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணித்த 31 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் ஒன்று, வெடிப்பு தொடங்கிய ஒரு விநாடிக்குள் வந்து சேர்ந்துவிட்டது. தாமதம் ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் கூடும் என்ற எளிய வடிவத்துக்கு அந்த ஒற்றை ஃபோட்டான் பெரிய அடி கொடுத்தது.

இதெல்லாம் நமக்கு ஆபத்தா?

இவ்வளவு தொலைவிலிருந்து ஆபத்து இல்லை. 2004 டிசம்பர் 27 அன்று நம் விண்மண்டலத்துக்குள்ளேயே ஒரு மேக்னடார் வெடித்தது. பூமியின் அயனி மண்டலம் சற்று அசைந்ததைக் கருவிகள் பதிவு செய்தன. மனிதர்கள் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

நான் விஞ்ஞானி இல்லை. வீட்டுல இருந்து ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். ஃபெர்மியின் ஃபோட்டான் பட்டியலும் அலசும் மென்பொருளும் இலவசம். ஜிசிஎன் எச்சரிக்கைகளை யார் வேண்டுமானாலும் பெறலாம். நல்ல தொலைநோக்கியும் கேமராவும் உள்ள ஆர்வலர்கள் சிலர், எச்சரிக்கை வந்ததும் பின்னொளிர்வைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் படமெடுத்து அனுப்புகிறார்கள். தொழில்முறைத் தொலைநோக்கிகள் பகலிலோ மேகத்திலோ மாட்டிக்கொண்ட நேரத்தில் அந்தப் படங்கள் உண்மையிலேயே உதவும்.

தரவில் கைவைக்க விரும்பினால் ஏற்கெனவே தெரிந்த ஒரு வெடிப்பிலிருந்து தொடங்குங்கள். 2013 ஏப்ரல் 27 வெடிப்பு நல்ல தொடக்கம். அதில் 95 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் ஒன்று இருக்கிறது. அதை நீங்களே தேடி எடுத்த பிறகு புதியதைத் தேடப் போங்கள். பூமியின் விளிம்பை விலக்கும் வரியை மறந்துவிடாதீர்கள்.